சீட்டை மூடு! சுவையைச் சொல்!

கண்ணாடிக் குவளையைக் கையில் ஏந்துகிறார், விளக்கொளிக்கு நேரே உயர்த்துகிறார், விழிகளை மூடி மூக்கருகே கொணர்கிறார், ஒரு மிடறு பருகுகிறார், பிறகு மௌனம்! சுற்றி நிற்போர் மூச்சை அடக்கிக் காத்திருக்கின்றனர். கடைசியில் திருவாய் மலர்கிறது: "ஆகா! எலுமிச்சைத் தோட்டத்திலே எழுந்த இளவேனில்! பைன் மரக்காட்டிலே பெய்த மழை! இது பீர் அல்ல, பேரின்பம்!"

சுற்றி நிற்போர் தலையசைக்கின்றனர். ஏன் அசைக்கின்றனர்? அவர்தம் நாவிலும் இளவேனில் எழுந்துவிட்டதாலா? இல்லை! பெரியவர் சொல்லிவிட்டார், இனி 'எனக்கொன்றும் தெரியவில்லையே' என்றுரைத்தால் ரசனையற்றவன் என்ற பட்டம் வருமே என்று அஞ்சுகின்றனர். சரி, அந்தப் பெரியவருக்குச் சொன்னது யார்? அவருடைய நாவா? பெரும்பாலும் அதுவும் இல்லை. குவளைக்குப் பக்கத்தில் நிற்கிறதே புட்டி, அதன்மேல் ஒட்டியிருக்கிறதே வண்ணச் சீட்டு, அது சொன்னது! சீட்டு சொன்னதை அவர் சொன்னார். அவர் சொன்னதைக் கூட்டம் சொன்னது. நாக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை; அதனை யாரும் கேட்கவும் இல்லை!

இலண்டன் மாநகரிலும் அமெரிக்கப் பெருநகரங்களிலும் நாள்தோறும் நடைபெறும் காட்சி இது. அங்கே 'கைவினைப் பீர்' என்றொரு புதிய பக்தி பரவியிருக்கிறது. அந்தப் பக்தியின் மூலவர்களுள் ஒருவர் பேல் ஏல் எனப்படும் வெளிர்நிறப் பீர். அவருக்குத் தலபுராணம் உண்டு, அர்ச்சகர் உண்டு, தீட்டும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

'பகுத்தறிவு பேசும் ஏட்டிலே பீருக்கு என்ன வேலை?' என்று தோழர் ஒருவர் புருவம் நெரிப்பது தெரிகிறது. நேர்மையான கேள்வி, நேரான பதில் தருகிறோம். குடியை நாம் வாழ்த்த வரவில்லை. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குவன என்ற முதற்பிரிவிலே 1988ஆம் ஆண்டே வைத்துவிட்டது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. உடலுக்குத் தீங்கற்ற மதுவின் அளவு என்று ஒன்றும் இல்லை என 2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அந்நிறுவனம் அறிவித்தது. இதை எழுதும் நாமும் புட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதவில்லை; மாணவர்தம் கட்டுரை ஏடுகள் அடுக்கிய மேசையிலே அமர்ந்து எழுதுகிறோம். ஆனால், தோழர்களே, பேய் இல்லை என்பவன் பேயோட்டியின் தந்திரத்தை அறிந்திருக்க வேண்டாமா? பெயரைக் கண்டு மயங்கும் மனம் கோயில் வாயிலில் மட்டும் வாழ்வதில்லை. குவளையின் விளிம்பிலும் வாழ்கிறது. படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், 'நாங்கள் எதையும் நம்பமாட்டோம்' என்று மார்தட்டுபவர்கள் — அவர்களையும் அது ஆட்டிவைக்கிறது. ஆகவேதான் பேசுகிறோம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். வாற்கோதுமையை நனைத்து முளைக்க விட்டுச் சூட்டில் உலர்த்தினால் மால்ட். பழங்காலத்தில் விறகுத் தீயிலே உலர்த்தினர், புகை படிந்தது, நிறம் கறுத்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியைக் கொண்டு உலர்த்தத் தொடங்கினர், புகை குறைந்தது, மால்ட் வெளுத்தது, அதிலிருந்து காய்ச்சிய ஏலும் வெளுத்தது. 'பேல்' என்றால் வெளிர் என்று பொருள், அவ்வளவுதான். அந்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை இறக்கி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்கொத்தைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறியபின் ஈஸ்ட் இட்டுப் புளிக்க விடுவர். கொதியிலே ஹாப்ஸின் அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. அதன் எண்ணெய்கள் மணத்தைத் தருகின்றன. டிரென்ட் ஆற்றங்கரையிலுள்ள பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி, அந்நீர் ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக எடுத்துக் காட்டியது, பர்ட்டன் புகழ்பெற்றது. இதிலே மந்திரம் ஏதும் உண்டா? இல்லை. தீ, நீர், பூ, நுண்ணுயிர் — நான்கும் செய்த வேலை!

ஆனால் வேலையைச் சொன்னால் வியப்பு வருமா? வியப்பு வராவிட்டால் விலை ஏறுமா? ஆகவே புராணம் பிறந்தது.

முதற்புராணம் நம் நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. இந்தியாவிலிருந்த வெள்ளையர் தாகத்தால் வாடினராம். அனுப்பிய பீரெல்லாம் கப்பலிலேயே கெட்டதாம். அப்போது இலண்டனுக்குக் கிழக்கே போ என்னுமிடத்திலிருந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பார் ஞானோதயம் பெற்று, ஹாப்ஸை அள்ளிப்போட்டு, கடலைத் தாண்டும் கடும்பீர் ஒன்றைப் படைத்தாராம். அதுவே இந்தியா பேல் ஏல்! எத்தனை புட்டிகளின் முதுகிலே அச்சேறியிருக்கிறது இந்தக் கதை!

ஆவணங்களைப் புரட்டியவர்கள் காட்டும் காட்சி வேறு. ஹாட்ஜ்சனின் ஆலை 1752ஆம் ஆண்டளவில் தொடங்கியது, உண்மை. அவருடைய பீர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தது, அதுவும் உண்மை. ஆனால் வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூடுதலாக இடவேண்டும் என்பது அக்காலத்தில் காய்ச்சுவோர் முன்னரே அறிந்த செய்தி. போர்ட்டர் என்னும் கருநிறப் பீரும் அதே கடலைக் கடந்து, அதே வெயிலைத் தாங்கி, கம்பெனியின் சிப்பாய்க் கூட்டத்தின் தாகத்தைத் தீர்த்தது. அப்படியானால் ஹாட்ஜ்சன் வென்றது எப்படி? அவர் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்துறைக்கு அண்மையில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு அவர் நீண்ட தவணையிலே கடன் கொடுத்தார். ஞானோதயம் அன்று, நாட்குறிப்பேட்டுக் கடன்! 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் என்பார் போட்டிக்கு வந்தார். பிறகு பாஸ் வந்தார். 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயரே 1829ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து இதழொன்றின் விளம்பரத்தில்தான் காணக்கிடைக்கிறது. ஹாட்ஜ்சன் ஆலை தொடங்கி முக்கால் நூற்றாண்டுக்கும் பிறகு! படைத்தவர் ஒருவர், பிறந்தநாள் ஒன்று என்று கதைகட்டுவோர் இதற்கு என்ன விடை தருவர்?

இன்னொரு கதை: இந்தியாவுக்குச் சென்ற கப்பல் 1827ஆம் ஆண்டு ஐரிஷ் கடலில் உடைந்ததாம், மீட்ட பீப்பாய்களை லிவர்பூலில் ஏலமிட்டனராம், அன்றுதான் இங்கிலாந்து மக்கள் இதன் சுவையை அறிந்தனராம். இக்கதை அச்சில் தலைகாட்டுவதோ, நிகழ்ந்ததாகச் சொல்லும் ஆண்டுக்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னர்! கண்டவர் எழுதவில்லை, கேட்டவரும் எழுதவில்லை, பேரன் காலத்தில் யாரோ எழுதினார். தலபுராணங்கள் எல்லாம் பிறப்பது இப்படித்தானே!

இந்தியா என்ற பெயர் புட்டியில் இருக்கிறதே என்று பூரிப்பாரும் உளர். யாருக்காக வந்தது அந்தப் பீர்? கம்பெனி அதிகாரியின் விருந்து மேசைக்காக! நம் உழவன் அதைச் சுவைத்தானா? நம் நெசவாளி அதற்கு மதிப்பெண் இட்டானா? 1850களில் கசௌலி மலையிலே ஆலை நிறுவிப் பீர் காய்ச்சியவர் எட்வர்ட் டயர் என்னும் ஆங்கிலேயர். அவருடைய மகன் யார் தெரியுமா? 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணி மக்கள்மீது சுடச்சொன்ன அதே டயர்! தந்தையின் தொழிலுக்கு மகனின் கொடுமையைக் கணக்கெழுத மாட்டோம், அது அறமாகாது. ஆனால் அந்தப் பெயரிலே பூரிக்க நமக்கு ஏதுமில்லை என்பதைச் சொல்லாமலும் விடமாட்டோம்.

சரி, பழங்கதை போகட்டும். இன்றைய கைவினைக் காய்ச்சுநர் என்ன செய்தனர்? இங்கே நாம் நியாயம் வழங்கவேண்டும். 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதும் பீர் ஆலைகளின் எண்ணிக்கை நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கிக் கிடந்தது. பெருமுதலாளிகளின் பீர் ஒன்றைப்போல் ஒன்று. நிறம் ஒன்று, மணம் ஒன்று, விளம்பரம் மட்டும் வெவ்வேறு. அந்த நிலையிலே, கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் கென் கிராஸ்மன் என்ற இளைஞர், பழைய பால்பண்ணைக் கலன்களை வாங்கி வந்து ஆலை அமைத்து, 1980ஆம் ஆண்டு சியர்ரா நெவாடா பேல் ஏலைக் காய்ச்சத் தொடங்கினார். ஆரிகன் மாநிலத்தில் அரசின் தாவர ஆய்வாளர் உருவாக்கி 1972இல் வெளியிட்ட காஸ்கேட் என்னும் ஹாப்ஸ் வகையை அதில் இட்டார். பம்பளிமாசுப் பழத்தோலை நினைவூட்டும் மணம்! 'பெரிய பெயருக்கு ஏன் தலைவணங்க வேண்டும்? நாக்கைக் கேள்!' என்பதே அந்தக் கலகத்தின் குரல். நல்ல குரல், நாம் கைதட்டக்கூடிய குரல்.

ஆனால் கலகக்காரன் வென்றபிறகு என்ன செய்கிறான் என்பதல்லவா கேள்வி? பெரிய பெயரை வீழ்த்தியவர்கள் அரிய பெயரைப் பீடத்தில் ஏற்றினர். எளிதில் கிடைப்பது இழிவு. வரிசையில் நின்று வாங்குவது உயர்வு! சிறு ஆலை என்றால் புனிதம். பெருநிறுவனம் அதை விலைக்கு வாங்கிவிட்டால் மறுநாளே தீட்டு! புட்டிக்குள் இருப்பது நேற்றைய காய்ச்சல்தான். செய்தித்தாள் மட்டுமே இன்றையது. பின் நாக்கு எப்படி ஒரே இரவில் மாறிற்று? நாக்கு மாறவில்லை, சீட்டின் பொருள் மாறியது!

'எங்களிடம் நடுவர்கள் உண்டு. விதிகள் உண்டு' என்பர். உண்டு, அதையும் பார்த்தோம். அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்கள்: மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, முழுமைக்கு 10. அமெரிக்கப் பேல் ஏல் என்றால் ஆல்ககால் நூற்றுக்கு 4.5 முதல் 6.2 வரை; கசப்பு அலகு 30 முதல் 50 வரை. ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்புப் பொருள் இருந்தால் ஓர் அலகு. பாருங்கள் தோழர்களே, கண்ணைப் பறிக்கும் தோற்றத்திற்கு ஐம்பதில் மூன்றே மதிப்பெண்! இந்தத் தாளை நாம் ஏசமாட்டோம். ஏனெனில் இதிலே அறிவின் வேலை இருக்கிறது.

அந்த அறிவு எது? குறையைப் பெயரிட்டு, காரணம் கண்டு, நீக்கும் வழி சொல்வது. குவளையிலே வெண்ணெய் மணம் வீசுகிறதா? அது டையசெட்டைல், ஈஸ்ட் அதைத் தானே உண்டாக்கிப் பின்னர் தானே உட்கொள்ளும், அதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்துவிட்டார் காய்ச்சியவர். பச்சை ஆப்பிள் மணமா? அசிட்டால்டிஹைடு, நொதித்தல் முற்றுப்பெறவில்லை. வேகவைத்த மக்காச்சோளமா? டைமெத்தில் சல்பைடு, கொதிகலத்தைத் திறந்து வைத்து நன்கு கொதிக்கவிட்டிருந்தால் ஆவியோடு போயிருக்கும். நனைந்த அட்டையின் வாடையா? உயிர்வளி புகுந்து பழசாகிவிட்டது. வெயிலில் வைத்த வெள்ளைக் கண்ணாடிப் புட்டியிலே நாற்றமா? ஒளி பட்டு ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தகம் கலந்த சேர்மம் ஆகிவிட்டது; பழுப்புப் புட்டி இருப்பது அதனால்தான். இவ்வாறு சொல்பவர் அறிஞர். அவரை மறுக்கலாம், சோதிக்கலாம், திருத்தலாம். 'இளவேனில் எழுந்தது' என்பவரை என்ன செய்வது? மறுக்கவும் முடியாது, சோதிக்கவும் முடியாது, கும்பிடத்தான் முடியும்! குறை காணும் சொல்லுக்கும் குழையடிக்கும் சொல்லுக்கும் இதுவே வேறுபாடு.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். 'நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு' என்று படம் வரைந்து வண்ணம் தீட்டிய தலைமுறை நாம். பீரை விழுங்கினால்தான் கசப்புத் தெரியும், அடிநாக்கில்தானே கசப்பு இருக்கிறது என்று இன்றும் சொல்வாருண்டு. அந்தப் படம் பிழை! 1901ஆம் ஆண்டு ஹேனிக் என்னும் ஜெர்மானியர் கண்டது, நாவின் இடத்துக்கு இடம் இருக்கும் மிகச்சிறு வேறுபாடு மட்டுமே. 1942இல் போரிங் என்னும் அமெரிக்க உளவியல் பேராசிரியர் தம் நூலிலே அதை வரைந்த விதம் அந்தச் சிறு வேறுபாட்டைப் பெருவேலியாகக் காட்டிவிட்டது. 1974இல் வர்ஜினியா காலிங்ஸ் மீண்டும் சோதித்து, சுவை மொட்டு உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரிகிறது என்று காட்டினார். ஒரு துளி உப்புநீரை நாவின் நுனியில் விட்டுப் பார்த்திருந்தால் வகுப்பிலேயே பொய்த்திருக்கும் படம் அது. நாம் விட்டுப் பார்த்தோமா? இல்லை. புத்தகம் சொன்னது, நம்பினோம். புத்தகத்தை நம்பி நாக்கை நம்பாத நாம், சீட்டை நம்பி நாக்கை நம்பாதவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒருமுறை வெட்கப்படுவோம். வெட்கப்பட்டபின் சிரிக்கும் உரிமை வரும்.

சீட்டு நாக்கை எப்படி ஆள்கிறது? சோதித்தவர்கள் உண்டு. 1964ஆம் ஆண்டு ஆலிசன், உல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் வழக்கமாகப் பீர் பருகும் நூற்றுக்கணக்கானவரிடம் பெயரற்ற புட்டிகளைக் கொடுத்தனர். தாம் விரும்பும் பீர் எது என்று அவர்களால் பொதுவாக இனங்காண இயலவில்லை. பெயரோடு கொடுத்ததும் அவரவர் பீர் அவரவர்க்கு அமுதமாகிவிட்டது! 2006ஆம் ஆண்டு லியோனார்ட் லீயும் துணைவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பீரிலே சில துளி பால்சாமிக் வினிகரைக் கலந்து கொடுத்தனர். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தபோது பலர் அதனை விரும்பினர். 'வினிகர் கலந்தது' என்று முன்னே சொல்லிக் கொடுத்தபோது முகம் சுளித்தனர். பருகிய பிறகு சொன்னபோதோ விருப்பம் குறையவில்லை! இதன் பொருள் என்ன? முன்னே வந்த சொல், தீர்ப்பைக் கெடுப்பதோடு நிற்கவில்லை, சுவையையே கெடுத்துவிட்டது. நம்பிக்கை நாக்குக்கு முன்னே போய் உட்கார்ந்துகொள்கிறது!

'அது பாமரர் நாக்கு. நடுவர் நாக்கு அப்படியல்ல' என்பாருக்கு அண்டை வீடான ஒயினிலிருந்து ஒரு சான்று. 2008ஆம் ஆண்டு ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பார் ஓர் ஆய்வு வெளியிட்டார். பழைய ஹாட்ஜ்சன் புராணத்தின் நாயகர். இந்த ஹாட்ஜ்சனோ புராணத்தை உடைப்பவர்! கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் தேர்ந்த நடுவர்களுக்கு, ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை மற்றவற்றோடு கலந்து மும்முறை வைத்தார். மூன்று முறையும் ஒரே பதக்கத் தகுதிக்குள் மதிப்பெண் இட்டவர் பத்தில் ஒருவரே! நடுவரையே நடுவர் மறுக்கிறார்; யாரை நாம் நம்புவது?

'அப்படியானால் சுவை என்பதே பொய்யா? நல்லது கெட்டது என்பதே இல்லையா?' என்று எதிர்க்கேள்வி எழும். இல்லை தோழர்களே, அந்தப் பள்ளத்தில் நாம் விழமாட்டோம். புரோகிதன் பொய்யன் என்றால் வானத்தில் விண்மீனே இல்லை என்று ஆகிவிடாது. சுவை மெய், அதனை அறியும் வழியும் உண்டு, அவ்வழி ஆய்வு. பீர் ஆலைக்குள்ளேயே அந்த வழி பிறந்தது என்பதுதான் வியப்பு!

டப்ளின் நகரத்துக் கின்னஸ் ஆலையிலே 1899ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவர் வில்லியம் காசெட். சில மாதிரிகளைக் கொண்டே மால்ட், ஹாப்ஸ் ஆகியவற்றின் தரத்தைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று கணக்கிட முனைந்தார். 1908இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்று உலகெங்கும் கல்லூரிகளில் பாடம். ஆலையின் விதிப்படி அவர் தம் பெயரை இடவில்லை; 'மாணவன்' என்று பொருள்படும் புனைபெயரை இட்டார். பெயர் மறைந்தது, அறிவு நின்றது! பெயரால் பிழைக்கும் புட்டிகளுக்கு இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்?

1940களில் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆலையினர் முக்குவளைச் சோதனையை வகுத்தனர். மூன்று குவளைகள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு பீர். பெயர் இல்லை, எண் மட்டும். வேறானது எது என்று சொல்லவேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக அமையும். பன்னிருவர் சுவைத்தால் நால்வர் தற்செயலால் வெல்லலாம், எண்மர் வென்றுவிட்டால்? தற்செயலால் அப்படி நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அப்போது 'வேறுபாடு உண்டு' என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். இதற்குத் தங்கக் குவளை வேண்டாம், குருபரம்பரை வேண்டாம். மூன்று கண்ணாடிக் குவளையும் ஒரு முழத் துணியும் போதும்! பெரும் போட்டிகளிலே புட்டியை மறைத்து எண்ணிட்டுத்தான் நடுவர்முன் வைக்கின்றனர். அங்கே மூடியதை விருந்துக் கூடத்திலே ஏன் திறந்து வைக்கின்றனர்? அங்கே உண்மை வேண்டும், இங்கே விற்பனை வேண்டும், அதனால்தான்!

இன்னும் ஒன்று. கசப்பை எல்லோர் நாவும் ஒருபடித்தாய் உணர்வதில்லை. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலார் ஒரு பொருளைக் கையாண்டபோது, பக்கத்திலிருந்தவர்க்கு அது கடுங்கசப்பு. அவர்க்கோ சுவையே இல்லை! கசப்பை உணரும் வாங்கிகள் மனிதருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வகை. அவற்றின் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே, 'இந்தக் கசப்பை ரசிக்கத் தெரியாதவன் பண்பற்றவன்' என்று ஒருவர் தம் நாவை உலகத்தின் நாவாக்கினால், அது ரசனை அன்று, ஆணவம். ஒரு நாக்கு சாட்சி. பல நாக்குகள் கூடியதே தீர்ப்பு.

யாருடைய நாக்குகள்? இங்கேதான் நெஞ்சு கனக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சியவர் பெரும்பாலும் பெண்கள். 'புரூஸ்டர்' என்ற சொல்லே காய்ச்சும் பெண்ணைக் குறிப்பது. ஹாப்ஸ் வந்தது, பீர் நெடுநாள் கெடாமல் நின்றது, பெருமுதல் போட்டுப் பெரிதாகக் காய்ச்ச முடிந்தது. முதலும் சங்க உரிமையும் யார் கையில் இருந்தன? ஆண்கள் கையில்! 1600ஆம் ஆண்டளவில் அத்தொழில் பெரிதும் ஆண்களுடையதாகிவிட்டதை ஜூடித் பென்னட் என்னும் வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட நூலில் விரித்துரைக்கிறார். காய்ச்சிய கையைத் தள்ளிவிட்டு, பிறகு 'பெண்ணுக்குப் பீர் புரியாது' என்று நகைத்தது உலகம். 2021ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்கக் கைவினை ஆலைகளில் பணிபுரியும் பெண்கள் தாம் பட்ட இழிவுகளை நூற்றுக்கணக்கில் வெளியே சொன்னார்கள். ஆலைத் தலைவர் சிலர் பதவி விலக நேர்ந்தது. 'நாங்கள் கலகக்காரர்கள்' என்ற கூட்டத்திலேயே இந்தக் கதி! குவளைக்கு முன்னே நிற்பது பெண் என்றதும் அவள் சொல்லும் மதிப்பெண் குறைகிறது என்றால், அங்கே சுவைக்கப்படுவது பீர் அன்று, பிறப்பு.

ஆம், பிறப்பு! அந்தச் சொல்லுக்கு வந்துவிட்டோம். பொதுத் தேர்வின் விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர் கைக்கு வரும்போது அதிலே மாணவன் பெயர் இருப்பதில்லை. ஏன் மறைத்தனர்? ஆசிரியர் கெட்டவர் என்பதாலா? இல்லை. நல்லவர் கண்ணையும் பெயர் ஏமாற்றும் என்பதால்! நம் வகுப்பேடுகளிலே பெயர் தெரிந்தே திருத்துகிறோம். முதல் மாணவன் எழுதிய பிழை 'கவனக்குறைவு' ஆகிறது. கடைசி இருக்கைச் சிறுவன் எழுதிய அதே பிழை 'அறிவின்மை' ஆகிறது. இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றை அசைபோட்டபடி சென்ற வாரம் ஏடுகளின் அட்டையைத் திருப்பிவைத்துப் பெயர் பாராமல் திருத்தினோம். கடைசி இருக்கைச் சிறுவனின் ஏட்டுக்கு நாம் இட்ட மதிப்பெண்ணைப் பெயரைத் திருப்பிப் பார்த்தபோது, நம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். இத்தனை நாள் நாம் திருத்தியது ஏட்டையா, சீட்டையா?

ஆதலின் இளைஞர்களே, குடியுங்கள் என்று சொல்லமாட்டோம். அந்த ஐம்பது மதிப்பெண் தாளிலே ஈரலுக்கு ஒரு கட்டம் இல்லை என்பதை மறக்கவும் மாட்டோம். நாம் சொல்வது இது: பேல் ஏலாயினும் பேருரையாயினும், புட்டியாயினும் புத்தகமாயினும், தீர்ப்புச் சொல்லும் முன் சீட்டை மூடுங்கள். மூடியபின் மெய்யாகவே நன்றாயிருந்தால் 'நன்று' என்று சொல்ல அஞ்சாதீர்கள், பெரும்பெயராயினும் பாராட்டுங்கள். நன்றில்லையேல் 'நன்றில்லை, காரணம் இது' என்று சொல்லத் தயங்காதீர்கள். தெரியவில்லையேல் 'தெரியவில்லை' என்று சொல்லுங்கள்; அதைவிட நேர்மையான மதிப்பெண் எந்தத் தாளிலும் இல்லை.

மூடிய குவளைக்கு அஞ்சாத பீர் நல்ல பீர். மூடிய பெயருக்கு அஞ்சாத மனிதன் நல்ல மனிதன். துணியை எடுத்து மூடச் சொன்னதும் எவன் பதறுகிறானோ, அவனிடம் இருப்பது சரக்கு அன்று, சீட்டு மட்டுமே! துணியைக் கொண்டுவாருங்கள்.